சதவீதம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வெளிநாட்டு நிதிகள் எந்தெந்தப் பங்குகளை வாங்கிச் சேர்த்தன என்று காலாண்டுதோறும் பட்டியல் போடுகிறீர்கள். ஜவ்வாது மலையில், சாமையும் புளியும் விற்ற காசில் கைபேசி வழியே பங்கு வாங்கும் எங்கள் இளைஞர்களும் அதைப் படிக்கிறார்கள். அதில் வரும் பங்கு இருப்புச் சதவீதத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்றும் எழுதுங்கள்.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி, காலாண்டு முடிந்த 21 நாட்களுக்குள் நிறுவனங்கள் பங்குதாரர் விவரத்தை வெளியிட வேண்டும். அது காலாண்டின் கடைசி நாள் நிலவரம். நாம் படிக்கும்போது அந்த நிதி விற்றுவிட்டே போயிருக்கலாம். நிறுவனம் புதுப் பங்குகளை வெளியிட்டால், ஒன்றைக்கூட விற்காதவரின் சதவீதமும் குறைந்துவிடும். பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் நிதிகளோ, பங்கு குறியீட்டில் சேர்ந்ததற்காகவே வாங்குகின்றன. நிறுவனத்தை அலசி ஆராய்ந்து அல்ல.

தனியார் வங்கியான யெஸ் பேங்கின் கதையை மறக்கக் கூடாது. பெரிய நிதிகள் வெளியேற, விலை மலிவென்று சிறு முதலீட்டாளர்கள் வாங்கிக் குவித்தார்கள். 2020 மார்ச் 5 அன்று அந்த வங்கி மீது ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு வந்தது. அதைத் தொடர்ந்து வந்த மீட்புத் திட்டத்தில், நூறு பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் 75 சதவீதப் பங்குகள் மூன்றாண்டுகள் விற்க முடியாமல் முடக்கப்பட்டன. அவர்களில் எத்தனையோ பேருக்கு அது வாழ்நாள் சேமிப்பு!

அடுத்த பட்டியலில், விற்றவர்களின் இடத்துக்கு யார் வந்தார்கள், மொத்தப் பங்கு எண்ணிக்கை மாறியதா என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், புதூர்நாடு, திருப்பத்தூர் மாவட்டம்