டஸ்டரும் டெரானோவும் பின்னே ஒரு கம்பைலரும்

ஒரகடம் சிப்காட் பக்கம் போனவர்களுக்கு 2010-ல் திறந்த ரெனோ-நிசான் கார் ஆலையைத் தெரிந்திருக்கும். 2012-ல் அங்கிருந்து ரெனோ டஸ்டர் வந்தது. 2013-ல் நிசான் டெரானோ வந்தது. பெயர் வேறு, முகப்பு வேறு, விளக்கு வேறு, ஷோரூமும் வேறு. ஆனால் பானெட்டைத் திறந்தால் அதே எஞ்சின், அடியில் அதே பிளாட்ஃபார்ம்! லோகோவை மட்டும் மாற்றி ஏமாற்றுகிறார்கள் என்று கிண்டலடிப்பது சுலபம். ஆனால் அதில் நல்ல எஞ்சினியரிங் இருக்கிறது. அதிகச் செலவு பிடிக்கும் நடுப்பகுதியை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டு, வெளியே தெரிவதைத் தேவைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்கிறார்கள்.

கம்ப்யூட்டர் உலகில் இதே வேலையைச் செய்வதுதான் எல்எல்விஎம்.

கம்பைலர் என்றால் நாம் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள். இது எல்லோருக்கும் தெரியும். இப்போது ஒரு சின்னக் கணக்கு. 5 மொழிகள், 4 வகைச் சிப்புகள். ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் கம்பைலர் என்றால் 20 எழுத வேண்டும். எல்லா மொழிகளையும் முதலில் ஒரு பொதுவான இடைமொழிக்கு மாற்றி, அங்கிருந்து ஒவ்வொரு சிப்புக்கும் மாற்றினால்? முன்னால் 5, பின்னால் 4, ஆக 9 போதும். நிரலை வேகப்படுத்தும் வேலைகளில் பெரும்பகுதி நடுவில், ஒரே இடத்தில் நடந்துவிடும்.

இந்த யோசனை பழையது. அதைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் பாகங்களாகக் கட்டியதுதான் எல்எல்விஎம்-இன் பெருமை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விக்ரம் அட்வேயின் மாணவராக இருந்த கிறிஸ் லாட்னர் 2000-ல் இதைத் தொடங்கினார். முதல் வெளியீடு 2003 அக்டோபரில் வந்தது. இன்று சி, சி++ மொழிகளுக்கான கிளாங், ரஸ்ட், ஸ்விஃப்ட், ஜூலியா எல்லாம் இதன்மேல் ஓடுகின்றன. ஒரு மாணவனின் ஆராய்ச்சியில் ஆரம்பித்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி விஷயத்துக்கு வருவோம். எல்எல்விஎம் ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடுகள் விடுகிறது. ஒவ்வொன்றிலும் புது வசதிகளின் நீண்ட பட்டியல் இருக்கும். பெரும்பாலானோர் "எவ்வளவு வேகம் கூடியது?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் உட்கார்ந்து பார்த்தால், முக்கியமான வெளியீடு 2019 செப்டம்பரில் வந்த எல்எல்விஎம் 9.

அதில் இரண்டு விஷயங்கள். முதலாவது, "அசம் கோட்டோ" என்ற வசதி கிளாங்குக்கு வந்தது. சி நிரலுக்குள் எழுதும் அசெம்பிளித் துண்டிலிருந்து நேராக வேறொரு வரிக்குத் தாவும் வசதி இது. லினக்ஸ் கெர்னல் இதை நம்பி எழுதப்பட்டிருந்ததால், 64-பிட் இன்டெல் வகைக் கம்ப்யூட்டருக்கான கெர்னலை அப்படியே எடுத்துக் கிளாங்கில் கம்பைல் செய்ய முடியாமல் இருந்தது. அந்தத் தடை போனது.

இரண்டாவது, ரிஸ்க்-ஃபைவ் சிப்புகளுக்கான பின்பகுதி சோதனை நிலையைத் தாண்டி அதிகாரபூர்வமானது. அதுவரை எல்எல்விஎம்-ஐக் கட்டும்போது தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். 9-லிருந்து தானாகவே உள்ளே இருக்கும். ஒரகடம் பாஷையில் சொன்னால், மூலையில் ட்ரையல் ஓடிக்கொண்டிருந்த லைன் மெயின் லைன் ஆகிவிட்டது.

இதில் நமக்கென்ன? ரிஸ்க்-ஃபைவ் யாருக்கும் ராயல்டி தராமல் சிப் வடிவமைக்க உதவும் திறந்த கட்டளைத் தொகுதி. அதை வைத்துத்தான் ஐஐடி மெட்ராஸில் காமகோடி தலைமையிலான குழு "சக்தி" பிராசசரை வடிவமைத்தது. 2018-ல் அந்தச் சிப் கையில் வந்தது. சிப் இருந்தால் போதுமா? கம்பைலர் இல்லாத சிப், ரோடு இல்லாத ஊரில் நிற்கும் கார். 2017-லேயே ஜிசிசி 7 ரிஸ்க்-ஃபைவை ஏற்றுக்கொண்டிருந்தது என்பது உண்மை. ஆனால் ஒரே ரோடு இருப்பதற்கும் இரண்டு இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அதோடு, நடுப்பகுதி பொது என்பதால், எல்எல்விஎம்-ஐ நம்பும் எல்லா மொழிகளுக்கும் அந்தச் சிப்பின் கதவு திறக்கிறது.

அந்தப் பின்பகுதியை முன்நின்று எழுதியவர் அப்போது பிரிட்டனின் லோரிஸ்க் அமைப்பில் இருந்த அலெக்ஸ் பிராட்பரி. 2016-ல் முன்மொழிந்ததிலிருந்து 9-ல் சேரும் வரை மூன்று வருட உழைப்பு. கேம்பிரிட்ஜில் இருந்தவர் எழுதியது சென்னையின் சிப்புக்கும் உதவுகிறது. சந்தோஷம். ஆனால் சென்னையிலிருந்து திருப்பிப் போனது எவ்வளவு என்று கேட்க வேண்டாமா?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதை ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், வேலை பார்த்தார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி லைன் நின்றது. அந்தப் பெண்கள் நன்றாகத்தான் வேலை செய்தார்கள். ஆனால் முடிவு எடுத்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். ஒரகடத்திலும் 2025-ல் நிசான் தன் பங்கை ரெனோவுக்கு விற்றுவிட்டது. அடுத்தவர் சொத்தாக இருக்கும் பிளாட்ஃபார்மை நாம் ஓட்டலாம், பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

எல்எல்விஎம் அப்படி இல்லை. ஆப்பிள், கூகுள் எல்லாம் இதில் ஆட்களைப் போட்டு வேலை வாங்குகின்றன. ஆனால் நாளைக்கே அவை விலகினாலும் நிரல் எல்லோரிடமும் இருக்கும், கற்றவன் கையில் தொழிலும் இருக்கும்.

"கார் கம்பெனி வேலைக்குப் போகிறவனுக்குக் கம்பைலர் எதற்கு?" என்று கேட்பவர்கள் ஒரு புல்லட்டைப் பார்க்கட்டும். 2020-ல் பிஎஸ்-6 விதி வந்தபோது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ல் கார்புரேட்டர் போய் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வந்தது. எவ்வளவு பெட்ரோல், எப்போது என்று முடிவு செய்வது இப்போது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதனுள்ளே ஓடும் நிரலும் ஒரு கம்பைலர் வழியாக வந்ததுதான். வண்டிக் கம்பெனிகள் புது வெளியீடு வந்த மறுநாளே மாறாது, பாதுகாப்புக்காகப் பழைய பதிப்பையே வருடக்கணக்கில் வைத்திருக்கும். அப்படியென்றால் எது மாறியது, எதை நம்பலாம் என்று படித்துச் சொல்லத் தெரிந்த ஆளுக்கு மதிப்பு இன்னும் கூடத்தானே செய்யும்?

நம் கல்லூரிகளில் "கம்பைலர் டிசைன்" என்பது ஃபர்ஸ்ட், ஃபாலோ டேபிள் போட்டு மார்க் வாங்கும் பேப்பர். பாஸானதும் மறந்துவிடலாம். ஆனால் ஐஐடி மெட்ராஸில் பி.டெக் படித்த உதய் பொந்துகுலா, இன்று எல்எல்விஎம்-இன் அங்கமான எம்எல்ஐஆரை உருவாக்கியவர்களில் ஒருவர். பெங்களூர் ஐஐஎஸ்சி பேராசிரியர். முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

ஐஐடி என்றால் வேறு ரகம் என்று ஒதுங்கவும் வேண்டாம். 2023 செப்டம்பரிலிருந்து எல்எல்விஎம்-க்கான திருத்தங்களை கிட்ஹப்பிலேயே புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பலாம். புதியவர்களுக்கு ஏற்ற சின்னச் சின்ன வேலைகளுக்கு அங்கே தனி லேபிளே இருக்கிறது. ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குவதை விட, ஒரு பிழைச்செய்தியைத் திருத்தி அனுப்புவது மேல். கார் லைனில் நிற்க கம்பெனி கேட்டைத் தாண்ட வேண்டும். இந்த லைனுக்கு கேட்டே கிடையாது.