உப்பிலியப்பன் சந்நிதியில் ஒரு பாடம்

கும்பகோணத்திற்கு அருகே திருவிண்ணகரில் எழுந்தருளியுள்ள ஒப்பிலியப்பனைச் சேவித்தவர்கள், அங்கு நிவேதனங்கள் யாவும் உப்பின்றியே சமைக்கப்படுவதை அறிவார்கள். தம் மகள் சிறுபெண், உப்பிட்டுச் சமைக்கவும் அறியாதவள் என்று மார்க்கண்டேய மகரிஷி தயங்கினாராம். உப்பில்லாத உணவையே ஏற்பதாகக் கூறிப் பெருமாள் பூமிதேவியை மணந்தார் என்பது தலபுராணம்.

அப்பிரசாதத்தைப் பன்முறை கண்களில் ஒற்றிக்கொண்டு உண்டவன் நான். வீடு திரும்பியதும் மாவடு ஜாடியைத் தேடியவனும் நானே.

எனது 62ஆம் வயதில் இரத்த அழுத்தம் 170/100 என்று கண்ட மருத்துவர், ஒரு நாள் உண்பதையெல்லாம் எழுதி வரச் சொன்னார். வங்கியில் கணக்கெழுதிப் பழகிய கைக்கு அது எளிய வேலைதான். எழுதி முடித்த பின்னரே திடுக்கிட்டேன். காலையில் இட்லிக்கு மிளகாய்ப்பொடி, நண்பகலில் இரண்டு அப்பளம், மோர்ச்சாதத்திற்கு மாவடு, மாலையில் காராசேவு. சாம்பாரிலும் ரசத்திலும் இட்ட உப்பு இவற்றிற்கு மேல்!

ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்புச் சேரவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அஃதாவது, எல்லா உணவும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. உப்பிலுள்ள சோடியம் மிகுந்தால் உடலில் நீர் தேங்கும். இரத்த அழுத்தம் உயரும். இதயம், மூளை, சிறுநீரகம் மூன்றும் துன்புறும். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் உண்டு, அதுவும் சோடியமே. விரத நாள்களில் நாம் நம்பிச் சேர்க்கும் இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

அழுத்தத்தைப் பொருட்படுத்தாதிருந்த என் தமையனார் பக்கவாதத்தில் வீழ்ந்தார். இறுதி இரண்டாண்டுகள் சந்நிதியில் நின்றும் அவரால் இரு கை கூப்ப இயலவில்லை. அக்காட்சி என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

மாவடுவைப் பண்டிகை நாளுக்கென ஒதுக்கினோம். எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி ஆகியவற்றால் சுவை கூட்டினாள் என் இல்லாள். சில வாரங்களில் நாக்கு இணங்கிவிட்டது. மாத்திரையை மட்டும் நானாக நிறுத்தவில்லை. வாசகர்களும் மருத்துவரைக் கேட்டே உப்பின் அளவை மாற்றுக. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தீங்காகலாம்.

அன்பிற்காகப் பெருமாள் உப்பையே துறந்தார். நம்மைப் பேணுவோரின் அன்பிற்காக நாம் ஒரு சிட்டிகை குறைத்துக்கொள்ளலாகாதா?