பச்சை மீனும் பழைய தீட்டும்

யப்பானிய உணவகமொன்றுக்குச் சென்று உண்ணுதல் எமது மத்தியதர வர்க்கத்தினரிடையே ஒரு தகுதிச் சின்னமாக மாறிவருகின்றது. கொழும்பிலும், எமது உறவினர் புலம்பெயர்ந்து வாழும் ரொறன்ரோ, பாரிஸ், இலண்டன் முதலிய நகரங்களிலும் சுஷியும் சஷிமியும் உண்டோர் அதனைப் படம்பிடித்து ஊருக்கு அறிவிக்கத் தவறுவதில்லை. இதைக் கண்டு முகஞ்சுளிப்போரும் உளர். பச்சை மீனைத் தின்பது பண்பாட்டுச் சீரழிவு என்பது அவர்களது தீர்ப்பு. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எதிர்ப்பதாகத் தோன்றினும் இருவரும் செய்யும் தவறு ஒன்றே. தட்டிலுள்ள மீனை இருவரும் பார்க்கின்றனர். அதைப் பிடித்த கையையும் அறுத்த கையையும் இருவருமே பார்ப்பதில்லை. யப்பானிய உணவகம் எமக்குக் கற்பிக்கக்கூடிய பாடம் ஒன்று உண்டாயின், அது அந்தக் கைகளைப் பற்றியதேயாகும்.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். சுஷி அரண்மனையிற் பிறந்த உணவன்று. மீனைக் கெடாது பேணுதற்பொருட்டுச் சோற்றுடன் சேர்த்துப் புளிக்கவைத்த பழைய முறையிலிருந்தே அது தோன்றியது. இன்று நாம் அறிந்த வடிவம், அதாவது வினாகிரி கலந்த சோற்றுப் பிடியின்மேல் மீன் துண்டை வைத்துக் கொடுக்கும் முறை, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பின்னர் ரோக்கியோ எனப் பெயர்பெற்ற எடோ நகரின் தெருக்கடைகளிற் பரவியது. ஹனாயா யோஹெய் என்பவரை அதன் முன்னோடியாகக் குறிப்பிடுவர். தெருவிற் போவோரும் வருவோரும் நின்றவாறே கையால் எடுத்து உண்ட உணவு அது. சூரை மீனின் கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதி இன்று மிக உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதனை யப்பானியர் தாழ்ந்ததென ஒதுக்கினர். மீன் மாறவில்லை. மீனுக்கு மனிதர் அளித்த மதிப்பே மாறியது.

அம்மதிப்பு வானத்திலிருந்து விழுந்ததன்று. உழைப்பினாலும் ஒழுங்கினாலும் ஈட்டப்பட்டது. ‘இக்கெஜிமே’ என்றொரு முறை அங்கு உண்டு. பிடித்த மீனைத் துடிதுடித்துச் சாகவிடாது, மூளையிற் குத்தி உடனே கொன்று, குருதியை வடித்து, முள்ளந்தண்டு நரம்பைக் கம்பியால் அழித்து, குளிர்நீரில் இடுவர். இதனால் தசை விறைப்பது தாமதமாகிச் சுவை கெடாது நிற்கும். தூரக்கடலிற் பிடிக்கும் சூரையைப் பூச்சியத்துக்குக் கீழ் 60 பாகை செல்சியசு வரை உறையவைத்துக் கொண்டுவருவர். ஆகவே அங்கு ‘பச்சை மீன்’ என்பது சமைக்கச் சோம்பியோரின் உணவன்று. கடலிலிருந்து மேசைவரை எவர் கையும் தவறாத ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி அது.

இச்சங்கிலியின் இறுதியில் நிற்பவர் சமையற்காரர். அவர் சுவருக்குப் பின்னால் மறைந்து நிற்பதில்லை. உண்பவருக்கு எதிரே, ஒரு பலகை மேசைக்கு அப்பால் நின்று, கத்தியும் கையும் தெரிய வேலை செய்கின்றார். எதை உண்பது என்ற தெரிவையே அவரிடம் ஒப்படைக்கும் வழக்கமும் உண்டு. ரோக்கியோவின் கின்சாப் பகுதியில், நிலத்தடிப் புகையிரத நிலையத்தை அடுத்து, ஏறத்தாழப் பத்து இருக்கைகள் மட்டுமே கொண்ட ஜிரோ ஒனோவின் கடைக்கு 2014 ஏப்பிரலில் அமெரிக்க சனாதிபதி பராக் ஒபாமா சென்று உண்டார். அந்நாட்டின் பிரதமர் விருந்தாளியை அழைத்துச் சென்ற இடம், மீன் அறுப்பதையே வாழ்நாட்பணியாகக் கொண்ட ஒரு முதியவரின் சிறுகடையாகும். எம்மவருள் எவரேனும் ஒரு பிரமுகரை மீன் அறுப்பவரின் முன் அமரவைத்துப் பெருமைப்படுவரா?

இது ஏதோ எமக்கு எட்டாத அந்நியக் கலை எனவும் எண்ணவேண்டியதில்லை. யப்பானியச் சமையலின் உயிர் ‘தஷி’ எனும் சாறு. கடற்பாசியையும் ‘கட்சுவோபுஷி’ எனும் உலர் மீனையும் கொண்டு அதனை ஆக்குவர். சூரை இனத்து மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்திப் பெறுவது கட்சுவோபுஷி. எமது சம்பலில் இடித்துப் போடும் மாலைதீவு மாசியும் அவ்வாறே அவித்து, புகையூட்டி, உலர்த்தப்படுவதுதான். ஒரே இன மீன். ஏறத்தாழ ஒரே செய்முறை. அங்கு அதனைச் சீவும் அளவுக்குத் தனிக் கருவியும் தனிப் பெயரும் தனி மரியாதையும் உள. இங்கு உரலிலே போட்டு இடித்தபின் அதைப்பற்றி எவரும் நினைப்பதில்லை.

இனி எமது கரைக்கு வருவோம். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய சிறு தீவு எழுவைதீவு. பனையும் கடலுமே அதன் செல்வம். விடியுமுன் வலை எடுத்துத் திரும்பும் வள்ளங்களில் ஓராவும் ஒட்டியும் விளையும் பாரையும் கணவாயும் நண்டும் வருகின்றன. இவற்றின் சுவையை எந்த நாட்டு மேசையும் மறுக்காது. ஆயின் கரையேறிய கணத்திலிருந்து மீனின் கதை மாறுகின்றது. ஐசு கடல்கடந்து வரவேண்டும். மீன் கடல்கடந்து போகவேண்டும். வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் கொடுத்தவர் மீனின் விலையையும் தாமே தீர்மானிக்கின்றார். தரம் பிரித்து நல்லதெல்லாம் கொழும்புக்கும் அப்பாலும் செல்ல, எஞ்சியது உள்ளூர்ச் சந்தைக்கு வருகின்றது. எம்மவர் உண்ணாத கடலட்டை உலர்ந்து சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்கிற்கும் போகின்றது. நீலக்கால் நண்டின் தசை அமெரிக்கா வரை போகின்றது. பிடித்தவனின் பெயரோ ஊரின் பெயரோ அதனுடன் போவதில்லை.

இது சந்தையின் விதி, இதிற் பண்பாட்டுக்கு என்ன வேலை என்று வினவுவோர் உளர். கடனும் போக்குவரத்தும் பொருளாதாரப் பிரச்சினைகளே, மறுப்பதற்கில்லை. ஆயின் ஒரு தொழிலை இழிவென்று கருதும் சமூகம், அத்தொழிலின் விலையையும் இழிவாகவே கணிக்கும். கடலைப் பற்றிய எமது கருத்துநிலையை இங்குதான் விசாரிக்கவேண்டியுள்ளது.

19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் முதலியோர் புலாலுண்ணாமையைச் சைவ ஒழுக்கத்தின் அடிப்படைகளுள் ஒன்றாக வலியுறுத்தினர். கொல்லாமையை ஓர் அறமாக ஏற்றுக் கடைப்பிடிப்போருடன் எமக்கு வழக்கில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. மீனை உண்போர் ஏராளம். வெள்ளிக்கிழமையும் விரத நாளும் கழிந்தால் மீன்குழம்பில்லாத சோறு தொண்டையில் இறங்காத வீடுகள் பலப்பல. தீட்டு மட்டும் உண்பவனை விட்டுப் பிடிப்பவன்மேல் ஏறிக்கொண்டது. மீன் மணக்கும், மீன்காரன் நாறுவான். இந்த இலக்கணத்தை எந்த அறநூலும் எழுதவில்லை. சாதி எழுதியது. தீவுப்பகுதியிலிருந்து வரும் மாணவன் தன் ஊர்ப்பெயரைச் சொல்லும்போது ‘தீவான்’ என்ற ஏளனச் சொல் இன்றும் காதில் விழவே செய்கின்றது.

பழந்தமிழ் மரபும் இதுவே எனச் சாதிக்க முற்படுவோர் நற்றிணையின் 45ஆம் பாடலை ஒருமுறை படித்தல் நன்று. தேரேறி வந்த செல்வனை விலகி நிற்கச் சொல்கின்றாள் பரதவர் மகளின் தோழி. எம்மேல் மீன் நாறும் என்று அவளே கூறுகின்றாள். அதனைக் குறையாகக் கூறவில்லை. கடல் தரும் எமது சிறு வாழ்வு நல்வாழ்வே, எம்மவருள்ளும் தலைமக்கள் உளர் என்று நிமிர்ந்து மொழிகின்றாள். நெய்தலைத் திணையாக வகுத்த மொழியிற் பேசிக்கொண்டே நெய்தல் மாந்தரை இழித்துரைப்பது எவ்வகைத் தமிழ்ப்பற்று?

வெளியிற் சென்று உண்ணுதல் என்பதே எமது மண்ணில் அரசியலாக இருந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. கடற்றொழில் செய்வோர் ‘பஞ்சமர்’ எனப்பட்டோருள் அடங்காதவர். அவர்களுள்ளும் தமக்குக் கீழே பிறரை ஒதுக்கியோர் இருந்தனர். ஆயினும் உழைப்பைத் தீட்டென்று கருதிய மனப்பாங்கு ஒன்றே. அதன் மிகக் கொடிய வடிவத்தைத் தேநீர்க்கடைகளிற் காணலாம். ஒடுக்கப்பட்டோர் கடைக்குள் அமர முடியாது; வெளியே நின்று போத்தலிலோ தகரப் பேணியிலோ வாங்கிக் குடிக்கவேண்டும். 1950களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகப் போராடியது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்தபின்னும் கதவுகள் திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் எழுந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், பலரின் குருதியுமே அக்கதவுகளைத் திறந்தன. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) நாவல் இக்காலத்தின் கொடுமையையும் எழுச்சியையும் பதிவுசெய்தது. ஒரு கோப்பைத் தேநீரை அமர்ந்து குடிப்பதற்கு உயிர்கொடுத்த மண் இது. அப்படியிருக்க, யப்பானிய உணவகத்தின் பலகை மேசைமுன் அமர்ந்து சமையற்காரரின் கைத்திறனை வியக்கும் எம்மவர், ஊருக்கு வந்து மீன் வெட்டித் தருபவரைப் பின்வாசலில் நிறுத்துவதை எப்பெயரால் அழைப்பது?

யப்பானைச் சொர்க்கமாகச் சித்திரிப்பதும் எமது நோக்கமன்று. மாடறுத்தோரையும் தோல் பதனிட்டோரையும் ‘புராக்கு’ மக்களென ஒதுக்கிவைத்த சமூகம் அது. 1871இல் சட்டம் அவர்களுக்குச் சமத்துவம் அளித்தபின்னும் பாகுபாடு நீண்ட காலம் தொடர்ந்தது. பெண்களின் கைச்சூடு மீனைக் கெடுக்கும் என்ற பொய்யைச் சொல்லி அவர்களைச் சுஷி மேசைக்கு அப்பால் நிறுத்தியதும் அதே சமூகமே. இவ்வுண்மை எமது வாதத்தைத் தளர்த்தாது, வலுப்படுத்தும். உழைப்பை மதித்தல் ஓர் இனத்தின் பிறவிக்குணமன்று. தீட்டை நன்கறிந்த ஒரு சமூகமே மீனைப் பொறுத்தமட்டில் அதைக் கடந்திருக்குமாயின், எம்மாலும் கடக்கமுடியும்.

இலங்கையிலேயே இதற்கொரு சான்று உண்டு. இலங்கைத் தந்தைக்கும் யப்பானியத் தாய்க்கும் பிறந்த தர்சன் முனிதாச 1995இல் கொழும்பில் ‘நிஹோன்பாஷி’ எனும் யப்பானிய உணவகத்தைத் தொடங்கினார். 2011இல், கிரிக்கெற் வீரர்களான மகேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோருடன் இணைந்து, கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடத்தில் ‘மினிஸ்ட்ரி ஒஃப் கிறாப்’ எனும் நண்டு உணவகத்தை நிறுவினார். அதுவரை எமது பெரிய சேற்றுநண்டுகள் ‘இலங்கை நண்டு’ எனும் பெயருடன் சிங்கப்பூர் உணவகங்களிலேயே புகழ்பெற்றிருந்தன. யப்பானிய மேசையிற் பயின்ற கண்ணே எமது நண்டை எமக்குக் காட்டவேண்டியிருந்தது. அங்குள்ள விலை எழுவைதீவுத் தொழிலாளிக்கு எட்டாது. அது வேறொரு வழக்கு. எமது வினா இதுவே: பரம்பரை பரம்பரையாக நண்டும் கூழும் உண்டுவந்த யாழ்ப்பாணத்திலிருந்து அம்முயற்சி ஏன் எழவில்லை? கையிற் பணமில்லை என்பது பாதி விடை. கண்ணில் மதிப்பில்லை என்பது மறுபாதி.

ஆகவே சுஷி உண்ணலாமா ஆகாதா என்ற விவாதத்தை விட்டுவிடுவோம்; விரும்பியோர் உண்ணட்டும். எமக்கு வேண்டியவை வேறு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் மீனைக் கூறி விற்கும் இடங்களாக மட்டும் நில்லாது, தீவுகளிலேயே ஐசும் குளிரறையும் நடத்தி, தரம் பிரிக்கும் அதிகாரத்தைத் தம் கையிற் கொள்ளல் வேண்டும். அச்சங்கங்களே தமது கரைகளில் உணவகங்களை அமைத்து, ‘இம்மீன் இன்ன கரையில், இன்ன வள்ளத்திற் பிடிபட்டது’ என எழுதிவைத்தல் வேண்டும். 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட இழுவைமடித் தொழில், எக்கரையிலிருந்து வரினும், எமது கடலை வாரிச்செல்ல இடமளித்தலாகாது. மீனற்ற கடலுக்கு மேசை எதற்கு? பல்கலைக்கழகத்தவராகிய நாமோ, நெய்தற்றிணையைத் தேர்வுக்கு மனனஞ் செய்வதுடன் நில்லாது, கடலோரத்துச் சொற்களையும் தொழில்நுட்பங்களையும் பதிவுசெய்தல் வேண்டும். ஓராவையும் ஒட்டியையும் வேறுபடுத்தி அறியாத தமிழ்ப் பட்டதாரி, நெய்தலைப் பற்றி எழுதும் கட்டுரைக்கு என்ன பெறுமதி?

இவற்றுக்கெல்லாம் முன், பணச்செலவு எதுவுமின்றி நாளையே செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. மீன் கொண்டு வருபவரை முன்வாசலால் அழைத்து, இருக்கை கொடுத்து, வீட்டிலுள்ளோர் அருந்தும் அதே கோப்பையில் தேநீர் கொடுத்தல் அது. அதைச் செய்யக் கூசுகின்றவர் உலகின் எந்த உணவகத்தில் உண்டாலும், உண்ணக் கற்றவராகார்.