சாவா மூவா முதல் வேண்டும்

கட்டடம் எழுப்ப ஒருமுறை பணம் வேண்டும்; கட்டடத்துள் வைத்த பொருளைக் காக்க ஆண்டுதோறும் பணம் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராது கேட்கப்பெறும் நல்கை, திறப்பு விழாவின் மாலை வாடுமுன்னரே தீர்ந்துபோகும். பொன்னமராவதி வட்டத்துக் கலைச்செல்வங்களுக்கென ஒரு கலைக்கூடம் வேண்டுமென்று நாம் கேட்கும்போது, முதற்கண் தெளிய வேண்டுவது இதுவே.

இம்மண் கலைக்கு வறிய மண்ணன்று. இராசேந்திர சோழீச்சுரம் நிற்கும் ஊர் இது. 12ஆம் நூற்றாண்டில் பாண்டியர் அரசுரிமைப் போரில் பெயர்பெற்ற ஊர் இது. சூழவுள்ள நகரத்தார் ஊர்களின் வீடுகளிலே தேக்கிற் செதுக்கிய நிலைகளும் தூண்களும் கண்ணைப் பறிக்கும். ஆயின் செட்டிநாட்டு வீடுகள் இடிபடுந்தோறும் அவ்வேலைப்பாடுகள் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. பாட்டன் உருவாக்கியதைப் பெயரன் விற்கிறான். அயலான் வாங்கித் தன் வீட்டுக் கூடத்தில் வைத்து மகிழ்கிறான்!

நம் முன்னோர் இவ்வாறு வாளா இருந்தாரல்லர். 1909இல், இவ்வூர்க்கு அணித்தான மேலைச்சிவபுரியில் பண்டிதமணி கதிரேசனார் துணைநிற்க, வணிகப் பெருமக்களின் கொடையால் சன்மார்க்க சபை தோன்றிற்று. அதன்வழி வந்ததே கணேசர் செந்தமிழ்க் கல்லூரி. அதற்கு அடுத்த ஆண்டாகிய 1910இல் புதுக்கோட்டைத் தனியரசு அருங்காட்சியகத்தைத் தோற்றுவித்தது. ஒன்று ஊரார் கொடை. மற்றொன்று அரசின் கொடை. தனியரசு 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து மறைந்தது, அருங்காட்சியகம் மறையவில்லை. ஒருவர் விருப்பையே நம்பி நில்லாமல், அரசின் செலவுக் கணக்கில் அஃது இடம்பெற்றிருந்ததே அதனைக் காத்தது.

நிலைத்த முதல் என்னும் இக்கருத்து மேலை நாட்டார் நமக்குக் கற்பித்ததன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு திருவிளக்குக்கு 96 ஆடுகள் என வகுத்து, நாடோறும் உழக்கு நெய் அளக்குமாறு இடையரிடம் ஒப்படைத்தான் இராசராசன். ஆடு சாகும், மூக்கும், மந்தையோ குறையலாகாது. அதனாலன்றோ அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் கூறுகின்றன! ஊரவைகளிடம் இட்ட காசுக்கு ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு வட்டி. செலவு வட்டியில் நடந்தது, முதல் தொடப்படவில்லை. நம் கலைக்கூடத்திற்கு வேண்டுவதும் அத்தகைய சாவா மூவா முதலே.

அப்பொருளுக்கு வழிகள் மூன்று. முதலாவது தமிழக அரசு. அண்டையிலுள்ள கீழடியில் 18 கோடி உருபாவுக்கு மேற்பட்ட செலவில் செட்டிநாட்டுக் கட்டடப் பாங்கில் அருங்காட்சியகம் எழுந்து, 2023 மார்ச்சில் திறக்கப்பெற்றது. மனம் இருப்பின் அரசால் இயலும் என்பதற்கு அதுவே சான்று. இரண்டாவது நடுவணரசின் அருங்காட்சியக நல்கைத் திட்டம். தில்லிப் பணம் நமக்கெதற்கு என்பாருளர். அது தில்லியின் பணமன்று; நாம் செலுத்திய வரி. கேளாதிருப்பது மானமாகாது, ஏமாளித்தனமே. மூன்றாவது நிறுமங்கள். 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, பெரிய நிறுமங்கள் முந்தைய மூன்றாண்டு நிரவல் ஊதியத்தில் 2 விழுக்காட்டைப் பொதுப்பணிக்குச் செலவிடல் வேண்டும். கலை, பண்பாட்டுக் காப்பும் அப்பணிகளுள் ஒன்றென அச்சட்டத்தின் ஏழாம் பட்டியல் கூறுகிறது. இப்பகுதியில் பிறந்து உலகெங்கும் தொழில் நடத்துவோர் பலர். அவர்களிடம் இதனை நாம் கேட்டோமா?

கேட்குமுன் நம் கையில் ஒரு பட்டியல் வேண்டும். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தன் கோயில் ஆடவல்லான் களவுபோய், 2008இல் ஆத்திரேலிய நாட்டுக் கலைக்கூடத்தாரால் ஏறத்தாழ 50 இலக்கம் அமெரிக்கத் தாலருக்கு வாங்கப்பட்டார். 2014இல் அத்திருமேனி மீண்டதற்குப் பெருந்துணை செய்தவை, புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய ஒளிப்படங்கள். அப்படங்கள் இல்லையேல் நம் வழக்கு வெறுஞ்சொல்லாய் முடிந்திருக்கும். ஆகவே வரும் முதற்பணம் சுவருக்கன்று. பொருள்களைப் படமெடுத்து, அளந்து, எண்ணிட்டுப் பதிவதற்கே செல்லல் வேண்டும். பட்டியலை வைத்துக் கேட்பவனுக்குத்தான் நல்கையும் கிட்டும்.

பள்ளிக்கே கூரையில்லாத ஊரில் கலைக்கூடம் எதற்கு எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. பள்ளியின் கூரைக்குரிய பணத்தை நாம் கேட்கவில்லை. கலைக்கென்றே ஒதுக்கப்பெற்று, கேட்பாரின்மையால் வேற்றிடம் செல்லும் பணத்தையே கேட்கிறோம். பாடநூலில் படிக்கும் வட்டெழுத்தைக் கல்லிலே தடவிப் பார்க்கும் பிள்ளைக்கு அக்கலைக்கூடமும் பள்ளியே.

நல்கை எங்கிருந்து வரினும் நாம் விட்டுக்கொடுக்கலாகாதவை இரண்டு. பெயர்ப்பலகையும் விளக்கமும் முதற்கண் தமிழில் இருத்தல் வேண்டும். கொடுத்தவர் பெயர் வாயிலில் பொறிக்கப்படலாம்; பொருள்மீது அவர்க்கு உரிமையில்லை.

எனவே, பொன்னமராவதி வாழ் தமிழன்பர்களே! பதிவு செய்த அறக்கட்டளை ஒன்றை நிறுவுங்கள். நம் பங்காக ஒரு வைப்புத்தொகையை முதலில் நாமே இடுவோம். வெறுங்கையோடு செல்பவனை இரவலன் என்பர். தன் பங்கை இட்டுவிட்டுச் செல்பவனே உரிமையோடு கேட்பான்.