ஆயில் மாற்றத் தெரிந்த அரசு

தோழர்களே, இந்தக் கட்டுரை லாரிக்கு ஆயில் மாற்றுவதைப் பற்றியது. நமக்கும் லாரிக்கும் என்ன என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். பேசப்போவது சாதியைத்தான்.

இந்திய ராணுவத்திடம் 'சர்வத்ரா' என்றொரு பாலம் இருக்கிறது. டி.ஆர்.டி.ஓ. வடிவமைத்தது. பெமல் நிறுவனத்தின் டாட்ரா லாரிகளின் முதுகில் மடித்து வைத்திருப்பார்கள். ஒரு லாரி 15 மீட்டர் பாலத்தை விரிக்கும். ஐந்து லாரிகள் சேர்ந்தால் 75 மீட்டர். பல டன் எடையுள்ள அந்தப் பாலத்தைத் தூக்கி, விரித்து, அக்கரை நோக்கி இறக்குவது ஹைட்ராலிக் அழுத்தம். எஞ்சினிலிருந்து சுழற்சியை வாங்கும் பம்பு ஆயிலைக் குழாய்களில் தள்ளுகிறது. அந்த ஆயில் சிலிண்டருக்குள் புகுந்து தண்டைத் தள்ளுகிறது. கனரக வண்டிகளில் இந்த அழுத்தம் 200 பாரைத் தொடுவது சாதாரணம். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்.

இந்த ஆயிலுக்கு எதிரி அழுக்கு. மனிதரின் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். ஹைட்ராலிக் வால்வுக்குள் உள்ள இடைவெளியோ சில மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியாத துகள் போதும், வால்வு சிக்கும், பம்பு தேயும். தேய்ந்த உலோகத்தூள் ஆயிலில் கலந்து மேலும் தேய்க்கும். அதற்காகத்தான் ஃபில்டர். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆயில் நின்றுவிடாது. பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே சுற்ற ஆரம்பிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி நன்றாக ஓடுவதுபோலத்தான் இருக்கும்.

ஆயில் மாற்றும் வேலையைக் கவனியுங்கள். முதலில் ஆயிலைச் சற்றுச் சூடாக்க வேண்டும், அப்போதுதான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வெளியேறும். எல்லா சிலிண்டர்களையும் உள்ளிழுத்து வைக்க வேண்டும். தூக்கி நிற்கும் எந்தப் பாகத்துக்கும் ஆயிலை நம்பாமல் இரும்பு முட்டு கொடுக்க வேண்டும். குழாய்களில் மிஞ்சிய அழுத்தத்தை இறக்கிய பிறகே திருகில் கை வைக்கலாம். வெளியே வரும் பழைய ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கருகல் வாடை வந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. தொட்டியைத் துடைக்கப் பிசிறு விடாத துணி. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்துக்கு ஆயில் தடவி மாட்ட வேண்டும். புது ஆயிலையும் வடிகட்டியே ஊற்ற வேண்டும், ஏனென்றால் சீல் பிரிக்காத பீப்பாயிலும் தூசி இருக்கும். பிறகு மெதுவாக ஓட்டி, சிலிண்டர்களை நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றி, அளவைச் சரிபார்த்து, தேதியையும் ஓடிய மணிக்கணக்கையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது என்பது எல்லா நாட்டு மெக்கானிக்குகளும் அறிந்த விதி. அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்க்க வேண்டும். ஊசிமுனைத் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே வெட்டி எடுக்க நேரலாம். ஒரு விரலுக்காக ஒரு விதி. நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

வடித்த பழைய ஆயிலுக்கும் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் அது பட்டியலிடப்பட்டிருக்கிறது. சாக்கடையில் ஊற்றக்கூடாது. பெயர்ச்சீட்டு ஒட்டிய பீப்பாயில் அடைத்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் ஒப்படைத்துக் கணக்கு வைக்க வேண்டும்.

சாக்கடைக்குள் ஆயிலை இறக்கக்கூடாது. ஆளை இறக்கலாமா? அதற்கும் சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தடுக்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்குப்படி 2019 முதல் 2023 வரை இறந்தவர்கள் 377 பேர். 2022, 2023 ஆண்டுகளில் நிகழ்ந்த 54 மரணங்களை அரசு ஆய்வு செய்தது. 49 பேரின் உடலில் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. ஒரு கையுறைகூட. அரசு அட்டவணையிட்ட சாக்கடைத் தொழிலாளர்களில் 100க்கு 92 பேர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மக்கள். பட்டியல் சாதியினர் மட்டும் 100க்கு 69 பேர்.

"இயந்திரம் வாங்கிவிட்டோம்" என்பது அரசின் வழக்கமான பதில். புது வண்டிக்கு மாலை போட்டு, மந்திரி கொடியசைத்து, மறுநாள் நாளிதழில் படமும் வந்துவிடும். அந்த ஜெட்டிங், உறிஞ்சு வண்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். லாரி எஞ்சினிலிருந்து சுழற்சியை வாங்கும் பம்பு அதிலும் உண்டு. நீளமான குழாய்ச் சுருளைச் சுழற்றுவதும், தொட்டியைச் சாய்ப்பதும், பின்கதவைத் திறப்பதும் ஹைட்ராலிக். தூர் அள்ளும் வாளியை இறுக்குவதும் அதேதான். சர்வத்ரா லாரியில் வேலை செய்யும் அதே இயற்பியல், அதே வகை ஃபில்டர், அதே ஓ-ரிங். ஃபில்டர் அடைத்தால் அங்கே பாலம் விரியாது. இங்கே குழாய்ச் சுருள் சுழலாது.

அப்போது என்ன நடக்கிறது என்பதில்தான் சாதி இருக்கிறது. பாலம் விரியாவிட்டால் படை காத்திருக்கும். வொர்க்ஷாப்பிலிருந்து ஆள் வருவார். இந்த வேலைக்கென்றே 1943 முதல் இ.எம்.இ. என்ற தனிப் படைப்பிரிவே இருக்கிறது. ஆற்றில் சிப்பாய்களைப் படுக்கவைத்து அவர்கள் முதுகின்மேல் டாங்கியை ஓட்டு என்று எந்தத் தளபதியும் சொல்லமாட்டார். நகரத்தில் ஜெட்டிங் வண்டி நின்றால் ஒப்பந்தக்காரர் சேரிக்குப் போன் போடுகிறார். மெக்கானிக் வரும்வரை காத்திருக்க யாருக்கும் மனமில்லை, ஏனென்றால் கயிறு கட்டி இறக்க ஒரு மனிதர் கிடைக்கிறார். பழுதான இயந்திரத்துக்கு மாற்று உதிரிபாகமாக நம் மக்களை வைத்திருக்கிறது இந்தச் சமூகம். ஃபில்டர் வாங்கினால் ஒப்பந்தக்காரரின் லாபத்தில் குறையும். மனிதரை இறக்கினால் குறைவதில்லை.

ராணுவத்தைக் கும்பிடச் சொல்லவில்லை. பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தை சுபேதாராக இருந்த அதே ராணுவம்தான் 1890களில் மகர்களுக்குக் கதவைச் சாத்தியது. மகர் ரெஜிமெண்ட் வர 1941 ஆக வேண்டியிருந்தது. 'சஃபாய்வாலா' என்ற பெயரிலேயே பணியிடம் வைத்திருந்த நிறுவனம் அது. அந்தப் பணிக்கு யார் போனார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. நாங்கள் சுட்டுவது வேறு. ஒழுங்காகப் பராமரிக்க இந்த நாட்டுக்குத் தெரியும். கையேடு எழுதத் தெரியும், பயிற்சி கொடுக்கத் தெரியும், பதிவேடு வைக்கத் தெரியும். "தொழில்நுட்பம் இன்னும் வளரவில்லை" என்று யாராவது கருத்தரங்கில் பேசினால் சிரித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

"சந்துகள் குறுகல், பெரிய வண்டி நுழையாது" என்பது இன்னொரு சாக்கு. அப்படியென்றால் சின்ன வண்டி வாங்கு. மலை உச்சிக்குப் பீரங்கி கொண்டுபோக வழி கண்டுபிடிப்பவர்களுக்கு நம் தெருவுக்குள் நுழைய வழி தெரியாதா?

ஒன்றிய அரசின் திட்டம் ஒன்று, தொழிலாளரையே வண்டி முதலாளி ஆக்குகிறோம் என்று கடனும் மானியமும் கொடுக்கிறது. வரவேற்கலாம். ஆனால் கணக்கைக் கேளுங்கள். ஆயிலும் ஃபில்டரும் பம்பு பழுதும் யார் தலையில்? நகராட்சி பில்லை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் கடன்காரர் முதலில் தள்ளிப்போடுவது ஆயில் மாற்றத்தைத்தான். பராமரிப்புச் செலவு நகராட்சியுடையது என்று ஒப்பந்தத்தில் எழுதாதவரை, பழைய ஆபத்தைப் புதுக் கடனோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்த வண்டிகளை இயக்குபவர்கள் நிரந்தரப் பணியாளர்களாக, 'ஹெல்ப்பர்' என்றல்ல, மெக்கானிக் என்ற பதவியோடும் சம்பளத்தோடும் இருக்க வேண்டும். ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகள் ஊருக்கு நூறு பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள்.

மாணவத் தோழர்கள் இந்த மாதமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பத்து ரூபாயில் தகவல் உரிமை மனு போடுங்கள். உங்கள் நகராட்சியில் உள்ள ஒவ்வொரு கழிவுநீர் வண்டிக்கும் கேளுங்கள்: ஹைட்ராலிக் ஆயில் கடைசியாக மாற்றிய தேதி என்ன? அப்போது மீட்டரில் இருந்த மணிக்கணக்கு எவ்வளவு? ஃபில்டர் வாங்கிய பில்லின் நகல் எங்கே? கடந்த ஓராண்டில் வண்டி பழுதாகி நின்ற நாட்கள் எவை? அந்த நாட்களில் அடைப்பை எடுத்தது யார், எந்த ஒப்பந்தக்காரருக்குப் பணம் போனது?

கடைசிக் கேள்விகள் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், சேர்த்து எழுதினால் ஒன்றுக்கு மட்டும் பதில் தருவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். மனுவில் வண்டியின் பதிவெண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். எண் இல்லாமல் கேட்டால் "பராமரிப்பு முறையாக நடைபெற்று வருகிறது" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள்.