விற்ற கணக்கும் கேட்ட கணக்கும்

எழுபதுகளின் முற்பகுதியில் வந்த றொக் அல்பங்களுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பொன்விழாப் பதிப்பு வருகிறது: கனத்த பெட்டி, மெருகேற்றிய ஒலி, பழைய படங்கள். கூடவே பழைய வழக்கும் மறுபடி விசாரணைக்கு எடுக்கப்படுகிறது. அந்த நாலைந்து வருடத்தில் அதிகம் விற்றது எது? 1971 இல் வந்த லெட் செப்பெலினின் நான்காவது அல்பமா, அதே ஆண்டு கரோல் கிங் தந்த ‘டபெஸ்ட்ரி’யா, 1973 இல் வந்த பிங்க் ஃபுளொய்டின் ‘டார்க் சைட் ஒஃப் த மூன்’ அல்பமா? லண்டன்காரர் இதற்காக மணித்தியாலக் கணக்கில் மல்லுக்கட்டினால் அது அவர்கள் வீட்டுக் காணித் தகராறு. நமக்கு அதில் வேலை இல்லை. ஆனால் திருகோணமலையில் வளர்ந்து இன்று அறுபதைத் தாண்டியவர்களிலும் ஒரு சாரார் அதே பட்டியலை விரித்துவைத்து, ‘எங்கட காலம் இதுதான்’ என்கிறார்கள். அங்கேதான் இடிக்கிறது. விற்ற கணக்கு என்பது வாங்க வசதி இருந்த ஊர்களின் கணக்கு. வாங்காமலே கேட்டு வளர்ந்த ஓர் ஊரின் நினைவை அந்தக் கோலால் அளந்தால், காணாமற்போவது அந்த ஊரின் சொந்தப் பாட்டுத்தான். இதுவே எமது கட்சி.

முதலில் அந்த எண்களுக்குக் கிட்டப் போய்ப் பார்ப்போம். அமெரிக்க அல்பப் பட்டியல் கடைகளின் பார்கோட் பதிவுக்கு மாறியது 1991 இல். அதற்கு முன்னர், தெரிந்தெடுத்த கடைகளைக் கேட்டு அவர்கள் சொன்னதை வைத்தே வாராவாரம் பட்டியல் போட்டார்கள். தங்க, பிளாட்டினச் சான்றிதழ்கள் வேறொரு கதை: அவை பெரும்பாலும் கம்பனி கடைக்கு அனுப்பிய தட்டுகளை எண்ணுபவை, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த தட்டுகளை அல்ல. நீண்ட இரட்டைத் தட்டு அல்பம் ஒன்று விற்றால் இரண்டு என்று எழுதிக்கொள்ளவும் அங்கே விதி உண்டு. 2016 இலிருந்து இணையத்தில் 1500 தடவை பாட்டு ஓடினால் அதுவும் ஓர் அல்பம். ஆக, ‘1971 இன் அல்பம்’ இத்தனை கோடி என்று சொல்லும்போது, நேற்றிரவு எங்கோ ஒரு பையன் கைபேசியில் கேட்டதும் அதற்குள் கிடக்கிறது. லெட் செப்பெலினின் அந்த அல்பம் அமெரிக்காவில் ஒரு வாரமேனும் முதலிடத்தைத் தொட்டதில்லை. ஆனால் அங்கே மட்டும் 2 கோடிக்கு மேற்பட்ட பிரதிகளுக்குச் சான்றிதழ் பெற்றிருக்கிறது. அதில் எல்லாரும் விரும்பிய எட்டு நிமிடப் பாட்டான ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ அங்கே தனித்தட்டாக விற்பனைக்கு வரவில்லை. அந்த ஒரு பாட்டு வேண்டுமென்றால் முழு அல்பத்தையும் வாங்கவேண்டும். ஒரு கத்தரிக்காய்க்காகக் கூடையையே வாங்கவைத்த வியாபாரம். ‘டார்க் சைட்’ அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். 1988 வரையில் பட்டியலில் இருந்ததோ 741 வாரம். அதை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர்களில் முக்கியமானவர் கப்பிட்டல் இசைத்தட்டுக் கம்பனியின் அன்றைய தலைவர் பாஸ்கர் மேனன். திருவனந்தபுரத்தில் பிறந்து, கல்கத்தாவில் இந்திய கிராமபோன் கம்பனியில் தொழில் பழகி, 1971 இல் அமெரிக்கப் பொறுப்புக்குப் போனவர். வெள்ளைக்கார இளைஞர்களின் தலைமுறை அடையாளம் என்று கொண்டாடப்படும் தட்டின் பின்னால் நமக்கு அடுத்த கரையின் வியாபார மூளை ஒன்று நின்றது என்பது ஒரு சுவாரசியம். இதையெல்லாம் சொல்வது அந்த அல்பங்களைச் சிறுமைப்படுத்த அல்ல. விற்பனை எண் வானத்திலிருந்து விழுவதில்லை. கடை, கம்பனி, விளம்பரம், எண்ணும் விதி எல்லாம் சேர்ந்து செய்யும் பண்டம் அது.

இனித் திருமலைக்கு வருவோம். பிரித்தானியக் கடற்படை 1957 இல் இங்கிருந்த தன் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. 1970 இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணிப் பஞ்சத்தில் இறக்குமதிக்குக் கடிவாளம் போட்டது. அத்தியாவசியப் பொருளுக்கே வரிசை நின்ற நாட்டில் லண்டனில் அச்சடித்த நீள்தட்டுக்கு யார் அனுமதிப்பத்திரம் கொடுப்பது? வந்தால் கப்பல்காரர் பெட்டியில் வரவேண்டும், அல்லது வெளிநாட்டு உறவினர் கையில். ஆனால் ஊர் ஊமையாக இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் படையினருக்காக நடத்தப்பட்ட ரேடியோ சியாக், தன் ஒலிபரப்புக் கருவிகளையும் இசைத்தட்டுச் சேமிப்பையும் விட்டுப்போக, 1949 இல் அதன்மீது எழுந்தது ரேடியோ சிலோன். 1967 இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. வேர்னன் கொறெயா போன்றவர்கள் ஆங்கில சேவையில் மேலைப் பாட்டுகளை வரிசைப்படுத்திப் போட்டார்கள். தமிழ்ச் சேவை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் சேர்த்துப் பாடியது. கொழும்பில் ஒரு தட்டு சுழன்றால் மூதூர்த் தேத்தண்ணிக் கடையிலும் கிண்ணியாச் சலூனிலும் தம்பலகாமத்து வீட்டு விறாந்தையிலும் அதே நேரம் கேட்டது. விற்றது ஒரு தட்டு. காதுகள் எத்தனை என்று எந்தக் கம்பனிப் பேரேட்டிலும் இல்லை. கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக்காரர் கொண்டுவந்த தட்டும் அப்படித்தான்: ஊரே கேட்டது, வாங்கியவர் ஒருவர். நேயர் விருப்பத்துக்குப் போன அஞ்சலட்டைகள்தான் நமது உண்மையான பட்டியலாக இருந்திருக்கக்கூடும். அவற்றை யார் கட்டிவைத்தார்கள்? 1977 இல் பொருளாதாரம் திறந்த பிறகு வந்த றெக்கோடிங் பார்களிலோ, வெறுங் கசற்றையும் பாட்டு விபரம் எழுதிய கடதாசித் துண்டையும் கொடுத்தால் கேட்ட பாட்டு ஏறி வந்தது. அதில் எதுவும் விற்பனை இல்லை, கேட்பு மட்டுமே. இன்னொன்றும் உண்டு: நம் செவிக்கு அலகு அல்பம் அல்ல, பாட்டு. ‘டார்க் சைட்’ போன்ற தட்டைப் பக்கம் பக்கமாக, இடையறாமல் கேட்பதற்கு வீட்டில் ஒரு பிளேயரும் ஓய்வான ஒரு பொழுதும் வேண்டும். வானொலி கொடுத்தது மூன்று நான்கு நிமிடம்.

அதே ஆண்டுகளில்தான் இந்தத் தீவில் துள்ளிசை என்று பெயர் பெற்ற தமிழ்ப் பொப் பாட்டு கிளம்பியது. விவசாயம் படித்த நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’, அமுதன் அண்ணாமலை, எஸ். இராமச்சந்திரன், ஸ்ரனி சிவானந்தன் என்று ஒரு வரிசை. சிங்களத்தில் கிளரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்ரோன்சும் மின்கிட்டாரைப் பிடித்துப் புதுப்பாட்டு உண்டாக்கிய காலம் அது. திருமலையின் பங்கு சிறிதல்ல. எம்.பி. பரமேஷ், எம்.பி. கோணேஷ் சகோதரர்களின் இசைக்குழு இந்த ஊரில் எழுந்தது. பரமேஷின் ‘உனக்குத் தெரியுமா’ இசைத்தட்டாகவே வெளிவந்தது. சினிமாப் பாட்டின் எதிரொலியாக இல்லாமல், இலங்கைத் தமிழன் தன் பாட்டைத் தானே எழுதி, இசையமைத்து, தட்டிலும் ஏற்றலாம் என்று காட்டிய முன்னோடிகளில் அவர்கள் இருக்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூட உலகப் பட்டியல் எதிலும் கிடையாது. விற்பனைக் கோலை வைத்தால் எல்லாம் சைபர். ஆனால் ‘சுராங்கனி’ கடல் கடந்து போய் 1977 இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் ஸ்காபரோவிலோ உப்புவெளியிலோ கலியாண மண்டபத்தில் ‘சின்ன மாமியே’ தொடங்கினால், அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் எழுந்து ஆடுகிறார்கள். சான்றிதழ் இல்லாத இந்த ஐம்பதாண்டு வாழ்வை எந்தப் பத்தியில் பதிவது?

மேலைப் பாட்டைத் தள்ளிவைக்கச் சொல்லும் சுதேசிக் கூச்சலா இது என்று கேட்கலாம். இல்லை. பாலையூற்றுப் பக்கம் இன்னமும் வாழும் போர்த்துக்கேய வம்சாவளிப் பறங்கியர் குடும்பங்களின் கலியாண வீட்டில் ஒலித்த கஃபிரிஞ்ஞா என்ற ஆட்டப்பாட்டை ஒருதரம் கேட்டவருக்கு அந்தக் கேள்வி வராது. போர்த்துக்கேயர் கொண்டுவந்தது, ஆபிரிக்கர் தாளம் சேர்த்தது, தமிழும் சிங்களமும் சொல் கொடுத்தது: அதன் பிள்ளைதான் பைலா, பைலாவின் பிள்ளைதான் நம்முடைய துள்ளிசை. துறைமுக ஊரில் கலப்பில்லாத பாட்டு என்று எதைத் தேடுவது? ‘சுராங்கனி’யின் பெயரே சிங்களம். ஆகவே லெட் செப்பெலினைக் கேட்பவர் கேட்கட்டும், நல்ல பாட்டுத்தான். மறுப்பு அளவுகோலுக்கு மட்டுமே.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ‘மூன்று சுருதிக் கிட்டாரும் மாமி பகிடியும் வைத்துக்கொண்டு, ஒலிப்பதிவையே கலையாக்கிய ‘டார்க் சைட்’டோடு போட்டிக்கு வருகிறீர்களா?’ என்பது அது. இதில் நியாயம் இருக்கிறது. துள்ளிசைப் பாட்டுகளில் பல மெலிந்தவை. சில ஒருதரம் சிரித்துவிட்டு மறக்கவேண்டியவை. ஆனால் கேட்பவர் தளத்தை மாற்றுகிறார் என்பதைக் கவனிக்கவேண்டும். விற்பனை என்று தொடங்கியவர், அதில் கால் தடுக்கியதும் தரத்துக்குத் தாவுகிறார். தரத்தைப் பேசுவதென்றால் பேசுவோம். அப்போது எந்தச் செவி, எந்த மொழி என்றும் பேசவேண்டும். நமது பேச்சுத் தமிழ், மாமியும் கள்ளுக்கடையும் உள்ளபடியே, கூச்சமில்லாமல் மேடையில் ஏறி ஒலிவாங்கிக்கு முன் நின்றது அந்தப் பாட்டுகளில்தான். அதுவரை சினிமாத் தமிழைப் பாடிப் பாவனை செய்த வாய் அது. ஒரு மொழிக்கு இது சின்ன நிகழ்ச்சி அல்ல. பண்பாடு கெட்டுப்போகிறது என்று அன்று முகம் சுளித்தவர்கள் அதை நம்மைவிட நன்றாகவே உணர்ந்திருந்தார்கள்.

அப்படியானால் ஓர் ஏக்கத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிறோமா? அந்த அபாயம் உண்டு. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் ஊரடங்கும், 1973, 74 இன் பாண் வரிசையும், பல்கலைக்கழகத் தரப்படுத்தலின் கசப்பும் அதே ஆண்டுகளின் பொருள்கள். பொற்காலம் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. ஏக்கம் வேண்டாம், ஆவணம் வேண்டும். லெட் செப்பெலினின் தட்டு இனி அழியாது. அதைக் காக்கக் கம்பனி இருக்கிறது, பொன்விழாவுக்கு அடுத்து வைரவிழாவும் வரும். நமது தட்டுக்கு 1983 இன் கலவரமும் 1990 இன் போரும் 2004 இன் ஆழிப்பேரலையும் 2006 இன் போரும் வந்தன. ஓடும்போது கையில் எடுத்தது அடையாள அட்டையும் நகையும் பிள்ளையும்; அலுமாரிக்கு மேலிருந்த தட்டுக்கட்டை அல்ல.

தப்பியவை சில இன்னும் இருக்கும். ஏழு அங்குல அகலம், நடுவில் துளை, பழுப்பேறிய கடதாசி உறை. உறைக்குள் உப்புக்காற்றில் வெண்பூஞ்சை பிடித்த ஒரு கறுப்புத் தட்டு. ஓரத்தில் முன்னைய சொந்தக்காரர் மையால் எழுதிய பெயர் இருக்கலாம். நடு லேபிளில் பாடகர், இசையமைப்பாளர், கம்பனி, தட்டு இலக்கம். பாட்டு முடிந்தபின் ஊசி சும்மா சுழலும் வெற்று வட்டத்தில் கையால் கீறியதுபோல இன்னோர் இலக்கம். எந்த வார்ப்பில் பிறந்த தட்டு என்று அறிய அது உதவும். வாசகர்களிடம் கேட்பது இவ்வளவே. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் பழைய ஊசியை அதன்மேல் வைக்காதீர்கள். பூஞ்சையை நகத்தால் சுரண்டாதீர்கள். இரண்டு பக்க லேபிளையும் அந்த வெற்று வட்டத்து இலக்கத்தையும் தெளிவாகப் படம்பிடித்து இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். தட்டு உங்களிடமே இருக்கட்டும். கிடைக்கும் விபரத்தை அடுத்த இதழிலிருந்து பட்டியலாக வெளியிடுவோம்; ஒலியை எண்ணிமப்படுத்த உரிமையாளர் சம்மதித்தால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்தை அணுகுவோம். மாரிக்கு முன்னர் அலுமாரியைத் திறந்து பாருங்கள்.