பழைய நோய் மேல் பழி போடாதீர்கள்



ரத்தப் புற்றுநோய் பற்றி நாம் வெளியிட்ட கட்டுரையைப் படித்த வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்குச் சில வருடங்களாகவே சி.எல்.எல். (க்ரானிக் லிம்போசைட்டிக் லுகேமியா) இருக்கிறது. இப்போது மைலோமாவும் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். "ஒரே ஆளுக்கு இரண்டு ரத்தப் புற்றுநோய் எப்படி வரும்? ரிப்போர்ட் மாறியிருக்குமோ?" என்று கேட்கிறார். அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஆனால் இது உங்கள் எல்லோரிடமும் பேச வேண்டிய விஷயம்.

வரும் அம்மா. அபூர்வம்தான், ஆனாலும் வரும்.

ரத்தப் புற்றுநோய் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அது பல நோய்களின் கூட்டம். சி.எல்.எல். என்பது பி லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது. பலருக்கு அது மெதுவாகத்தான் நகரும். வேறு எதற்கோ ரத்தம் எடுத்த இடத்தில் வெள்ளையணு எண்ணிக்கை எகிறியிருப்பது தெரிந்து, தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஏராளம். மைலோமா வேறு. எலும்பு மஜ்ஜைக்குள் பிளாஸ்மா செல்கள் பெருகி எலும்பை அரிக்கும்; சிறுநீரகத்தைக் கெடுக்கும்; ஹீமோகுளோபினைக் குறைக்கும்.

பி லிம்போசைட் முதிர்ந்துதான் பிளாஸ்மா செல் ஆகிறது. அப்படியானால் முதல் நோயே உருமாறி இரண்டாவது ஆகிவிட்டதா, அல்லது இரண்டும் தனித்தனியாகக் கிளம்பியவையா? இதைக் கண்டுபிடிக்கும் முறை எனக்கு எப்போதுமே வியப்பைத் தருவது. மஜ்ஜை ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் சிறிய உருண்டை லிம்போசைட்டுகள் ஒருபுறம், உட்கரு ஓரமாக ஒதுங்கிய பெரிய பிளாஸ்மா செல்கள் ஒருபுறம் தெரியும். இந்த அணுக்கள் உருவாக்கும் ஆன்டிபாடியில் கப்பா அல்லது லாம்டா என்ற சிறு புரதச் சங்கிலி இருக்கும். ஓர் அணு இரண்டில் ஒன்றைத்தான் உருவாக்கும். அதன் வாரிசுகள் எல்லாமே அதையேதான் சுமக்கும். லிம்போசைட்டுகளில் கப்பாவும் பிளாஸ்மா செல்களில் லாம்டாவும் இருந்தால், இரண்டு நோய்களும் வெவ்வேறு அணுவில் பிறந்தவை என்று கிட்டத்தட்ட உறுதியாகிவிடும். இரண்டிலும் ஒரே சங்கிலி இருந்தால் மரபணுப் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கும்.

சி.எல்.எல். சிலருக்கு வேகமான லிம்போமாவாக (நிணநீர்ப் புற்றுநோயாக) மாறுவதும் உண்டு. 1928இல் அதை விவரித்த ரிக்டர் என்பவரின் பெயரால்தான் இன்றும் அழைக்கிறார்கள். பெரும்பாலும் அது பழைய நோயின் புது அவதாரமே. இரண்டாவது நோய் அல்ல.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஒரு பெரிய நோய் வந்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் எல்லாத் தொந்தரவுக்கும் அதையே காரணமாக்கிவிடுகிறோம். ஹீமோகுளோபின் குறைந்தால் "சி.எல்.எல்.தானே, குறையத்தான் செய்யும்" என்கிறோம். முதுகு வலித்தால் வயசு, கிரியாட்டினின் ஏறினால் சர்க்கரை. ஆனால் எலும்பை அரிப்பது சி.எல்.எல்.லின் வழக்கமல்ல. அந்த நோயாளிக்கு முதுகிலோ விலாவிலோ வலி விடாமல் இருந்தால் கட்டாயம் கவனிக்க வேண்டும். மைலோமா செல்கள் உருவாக்கும் அசாதாரணப் புரதத்தைக் காட்டும் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரிசிஸ் என்ற ரத்தப் பரிசோதனையே பல சமயம் வழி காட்டிவிடும். (சி.எல்.எல்.லிலேயே சிலருக்கு அந்தப் புரதம் சிறிதளவு தென்படும். அதைப் பார்த்ததுமே மைலோமா என்று கலங்கிவிட வேண்டாம்; மஜ்ஜைப் பரிசோதனைதான் முடிவு சொல்லும்.)

இரண்டு நோய் என்றால் இரண்டு மடங்கு கீமோ என்று அந்த வாசகி பயந்திருக்கிறார். அப்படியில்லை. ஜோத்பூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் கன்டி ராய், 1975இல் சி.எல்.எல்.லை நிலை வாரியாகப் பிரித்துக் காட்டினார். இன்றும் உலகமெங்கும் பயன்படும் முறை அது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மருந்தே தருவதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தம் பார்த்துக் கண்காணிப்பார்கள். ஆகவே, தீங்கு செய்துகொண்டிருக்கும் மைலோமாவுக்கு முதலில் சிகிச்சை தந்து, அடங்கிக் கிடக்கும் சி.எல்.எல்.லைக் கவனித்து வருவது பல இடங்களில் கடைப்பிடிக்கப்படும் வழிதான்.

இரண்டு நோய்களுமே எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

வீட்டில் ரத்தப் புற்றுநோயோடு வாழ்பவர் இருந்தால், பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் போட்டு வைத்து, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் எடுத்துப் போங்கள். புதிதாக ஒரு தொந்தரவு வந்தால், "இது பழைய நோயால்தானா, வேறு ஏதாவதா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்